பரண்மேல் ஒரு பந்தய வண்டி

சென்ற மார்கழியில், பொங்கலுக்கு முன்பாக, திருச்சியில் என் தமக்கை வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளையடிப்பதென்றால் பரணை ஒழித்தாக வேண்டும். நம் குடும்பங்களில் பரணை ஒழிப்பது சாமான்யமான காரியமா? அது ஒரு சிறு புதைபொருள் ஆராய்ச்சி. ஓட்டை விழுந்த அண்டா, காலொடிந்த நடைவண்டி, என்றைக்கோ யாருக்கோ கல்யாணப் பரிசாக வந்து இதுவரை காபியையே கண்டிராத கோப்பைகள், இவையெல்லாம் இறங்கி வந்த பிறகு, மூலையிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகள் வந்தன.

ஒன்றில் ஒரு சின்ன மோட்டார் வண்டி. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். முன்சக்கரம் ஒன்று கோணிக்கொண்டு நின்றது. உடம்பெல்லாம் கீறல். சக்கரத்தைத் தாங்கும் கைகளில் ஒன்று பிளாஸ்டிக். மற்றது அலுமினியத் தகட்டில் யாரோ அறுத்து ராவியது. அடித்தட்டில் ஒரு விரிசல். அதைக் கம்பியால் தைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ஆணியால் கீறிய ஒரு பெயர். என் தமக்கையின் மூத்த மகன் பன்னிரண்டு வயதில் எழுதியது.

இரண்டாவது பெட்டியிலும் அதே வண்டிதான். ஆனால் அது இன்னும் வண்டியாகவில்லை. 1985-ஆம் வருஷம் சிங்கப்பூரில் கடைக்காரர் கொடுத்த மாதிரியே, உறுப்புகள் உறைகளில் மூடியபடி, திருகாணிகள் பொட்டலத்தில் அடங்கியபடி, நாற்பது வருஷம் அப்படியே இருந்தது. என் அத்தான் அந்நாளில் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வேலையாயிருந்தார். மூத்தவனுக்கு வாங்கும்போது, மூன்று வயசுப் பிள்ளையாயிருந்த சின்னவனுக்கும் சேர்த்து ஒன்று வாங்கிவிட்டார். "இவனுக்குப் பத்து வயசு ஆகிறபோது இது கடையில் கிடைக்காது" என்று சொன்னாராம். அவர் சொன்னபடியே கிடைக்காமல் போயிற்று. ஆனால் பத்து வயசில் சின்னவனுக்குக் கிரிக்கெட் பைத்தியம் பிடித்துவிட்டது. 1991-ல் குடும்பம் ஊர் திரும்பியபோது பெட்டியும் கூடவே வந்து பரணேறியது. அத்தான் இப்போது இல்லை.

மூத்தவன் இரண்டையும் படம் எடுத்து எங்கேயோ அனுப்பி வைத்தான். ஒரு வாரத்துக்குள், இந்த மாதிரிச் சாமான்களைச் சேகரிக்கும் ஒருவர் விலை சொல்லிவிட்டார். திறக்காத பெட்டிக்கு அவர் சொன்ன தொகை, அத்தான் அந்தக் காலத்தில் ஒரு மாதம் உழைத்துச் சம்பாதித்ததைவிட அதிகம். அக்காள் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஓடிய வண்டிக்கு? "அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் அந்த மனிதர்.

வீட்டில் கட்சி பிரிந்தது. விற்கலாம் என்றான் மூத்தவன். சின்னவனின் பெண்ணுக்கு இப்போது பத்து வயசு. பெட்டி மேலிருந்த படத்தைப் பார்த்ததிலிருந்து அவள், பிரித்துப் பூட்டியாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பெட்டிக்கு உரியவனான சின்னவன் வாயே திறக்கவில்லை. கடைசியில் மூத்தவன் என்னைப் பார்த்து, "மாமா, நீங்கள் சரித்திரக் கதை எழுதுகிறவர். இதற்கும் ஒரு சரித்திரம் இருக்குமே, பார்த்து ஒரு நியாயம் சொல்லுங்கள்" என்றான். சோழனையும் பாண்டியனையும் கட்டிக்கொண்டு அழுதவனுக்கு இப்படி ஒரு வேலை வந்தது. இரண்டு மாதம் இதிலேயே கிடந்தேன். எந்தக் கம்பெனியின் எந்த வண்டி என்று மட்டும் இங்கே சொல்லப் போவதில்லை. குடும்ப விஷயம், அதை விளம்பரமாக்க வேண்டாம்.

இந்த ஜாதி வண்டிக்குப் 'பக்கி' என்று பெயர். தமிழில் அது அவ்வளவு மரியாதையான வார்த்தை இல்லை என்பது எனக்குத் தெரியும். கண்டதையெல்லாம் தின்ன அலைகிறவனை நாம் அப்படிக் கூப்பிடுகிறோம். வெள்ளைக்காரர்கள் முதலில் ஒற்றைக் குதிரை பூட்டிய லேசான வண்டியை அப்படி அழைத்தார்கள். பிறகு அமெரிக்காவின் மேற்குக் கரையில் கடலோர மணல்மேட்டில் ஏறி இறங்கும் மோட்டார் வண்டிக்கு அந்தப் பெயர் போயிற்று.

அங்கேதான் நம் கதை தொடங்குகிறது. கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்று ஒருவர். படகு கட்டுவது அவர் தொழில். கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்துப் படகு செய்கிற வித்தையை அவர் வண்டிக்குக் கொண்டுவந்தார். ஜெர்மன் தேசத்து வோக்ஸ்வாகன் 'வண்டு' காரின் அடிச்சட்டத்தை எடுத்துச் சுமார் 14 அங்குலம் குறுக்கி, அதன்மேல் படகு மாதிரி ஒரு கூட்டை வைத்தார். 1964-ல் பிறந்த அந்த வண்டிக்கு 'மேயர்ஸ் மாங்க்ஸ்' என்று பெயர். கனத்த வண்டிகள் மணலில் புதைந்து நின்றபோது, இது லேசாக இருந்ததால் மேலே மிதந்து போயிற்று. 1967-ல் மெக்ஸிகோவில் திஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை பாலைவனத்தினூடே ஒரு பந்தயம் நடந்தது. 'பாஹா ஆயிரம்' என்று பிற்பாடு புகழ் பெற்ற பந்தயத்தின் முதல் வருஷம் அது. ஜெயித்தது ஒரு மாங்க்ஸ்.

மேயர்ஸ் இதனால் கோடீசுவரர் ஆகியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? ஊரெல்லாம் அவர் வண்டியைப் பார்த்துக் காப்பியடித்தது. கோர்ட்டுக்குப் போனார். அவருடைய காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஐந்தாறாயிரம் வண்டிகளோடு அந்த வியாபாரம் நின்றது. 1964-ல் அவர் செய்த முதல் வண்டி பிற்காலத்தில், 2014-ல், அமெரிக்காவின் சரித்திர வாகனப் பதிவேட்டில் இடம் பெற்றது. பண்டத்தின் மதிப்பு பண்டத்தைச் செய்தவன் வீட்டுக்கு எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது.

இனி ஜப்பானுக்குப் போக வேண்டும். பூஜி மலைக்குத் தெற்கே, கடலோரத்தில் ஷிஸுவோகா என்று ஒரு நகரம். தோகுகாவா இயேயாசு தன் வாழ்நாளின் கடைசி வருஷங்களைக் கழித்த ஊர். அவனுடைய கோட்டையையும் அங்குள்ள செங்கென் ஆலயத்தையும் கட்டுவதற்கு நாலா திசைகளிலிருந்தும் தச்சர்கள், அரக்குப் பூச்சுக்காரர்கள், சிற்பிகள் வந்தார்கள். வேலை முடிந்த பிறகும் பலர் திரும்பிப் போகவில்லை என்று அந்த ஊரார் பெருமையாகச் சொல்லுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஸ்தபதிகளின் கதையைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது. எப்படியோ, மரவேலை அந்த ஊரில் வேரூன்றிவிட்டது.

அந்த ஊரில் 1946-ல் தாமியா யோஷியோ என்பவர் ஒரு மர அறுப்பு ஆலை வைத்தார். யுத்தத்தில் தோற்று, குண்டு வீச்சில் எரிந்து கிடந்த நகரம் அது. மரம் அறுப்பதோடு, மரத்தில் சின்னக் கப்பல், சின்ன விமானம் என்று மாதிரிகளும் செய்தார்கள். மாதிரிகள் நன்றாக விற்றன. 1953-ல் அறுப்பு ஆலையை மூடிவிட்டு மாதிரிகளிலேயே இறங்கினார்கள். பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1960-ல் 'யமாத்தோ' போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டார்கள். யோஷியோவின் மகன் ஷுன்ஸாகு நிர்வாகத்துக்கு வந்தபோது, தாமியா என்ற பெயர் பையன்களுக்கெல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

இந்த ஷுன்ஸாகு ஒரு விசித்திரமான மனிதர். போர்ஷே காரின் மாதிரியைச் செய்ய வேண்டும். படங்களும் அளவுகளும் போதவில்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒரு நிஜமான போர்ஷே காரை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றிவிட்டார்! பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் பொம்மைக்காக ஒரு முழுக் காரைப் பலி கொடுக்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? அந்த மாதிரியின் கூட்டுக்குள் மோட்டாருக்கும் பாட்டரிக்கும் இடம் இருந்தது. 1976-ல் அதே கூட்டுக்குள் ரேடியோவால் இயங்கும் யந்திரத்தை வைத்து 'போர்ஷே 934' என்று வெளியிட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. ஷுன்ஸாகு 2025-ல், தம்முடைய 90-ஆவது வயசில் காலமானார்.

ஆனால் அந்தப் போர்ஷே சிமெண்டுத் தரையில் மட்டும் ஓடும் பிராணி. ஒரு கூழாங்கல் குறுக்கே வந்தால் தீர்ந்தது. பையன்களின் வீட்டு வாசலில் சிமெண்டுத் தரை எங்கே இருக்கிறது? மண்ணும் கல்லும் புல்லும்தானே இருக்கிறது? 1979-ல் தாமியாவிலிருந்து இரண்டு பக்கிகள் வந்தன. ஒன்று ரஃப் ரைடர். மற்றது ஸாண்ட் ஸ்கார்ச்சர். இரண்டாவதன் மேற்கூடு, பாலைவனப் பந்தயத்துக்காக வெட்டித் தைத்த வோக்ஸ்வாகன் வண்டு. மணல்மேட்டுக் கதை இப்படி ஷிஸுவோகாவுக்கு வந்து சேர்ந்தது.

இந்த இரண்டு வண்டிகளைப் பற்றியும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நிஜ வோக்ஸ்வாகனில் முன்சக்கரங்களை எந்த விதமாகக் கட்டியிருக்கிறதோ அதே விதமாக இவற்றிலும் கட்டினார்கள். கைகள் வார்ப்பு உலோகம். ரேடியோச் சாமான்களைக் கண்ணாடி போன்ற ஒரு பெட்டிக்குள் அடைத்து, தண்ணீர் புகாமல் ரப்பர் போட்டு மூடினார்கள். குட்டையில் இறங்கி ஏறி வரலாம். கையில் எடுத்தால் கனம் தெரியும். பொம்மை என்று சொல்ல மனசு வராது. பார்த்தவுடன் யாரும், "இது பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அங்கேதான் எல்லாரும் ஏமாந்தார்கள். பக்கி என்று வந்துவிட்டால் இரண்டு பேர் சேர்ந்த இடத்தில் பந்தயம் நடக்கும். மேட்டிலிருந்து பாயும், குப்புற விழும், சுவரில் மோதும். கனமான வண்டி விழுந்தால் விழுகிற வேகம் முழுவதையும் அதன் அங்கங்களே ஏற்க வேண்டும். வார்ப்பு உலோகம் வளையாது. ஒரு கட்டத்தில் பட்டென்று முறியும். இலேசான வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. மேயர்ஸ் மணல்மேட்டில் கண்ட விஷயத்தையே பையன்கள் புழக்கடையில் மறுபடியும் கண்டார்கள்.

அதற்குப் பதில் மறுபடியும் கலிபோர்னியாவிலிருந்தே வந்தது. அங்கே அஸோஸியேட்டட் என்ற கம்பெனியில் ரோஜர் கர்ட்டிஸ் என்பவர் 1984-ல் ஆர்.ஸி.10 என்ற பக்கியை அமைத்தார். இது எந்த நிஜக் காரின் மாதிரியும் அல்ல. அழகுக்காக ஒரு திருகாணிகூடக் கிடையாது. அலுமினியத் தகட்டைத் தொட்டி மாதிரி மடித்து, பொன்னிறப் பூச்சுக் கொடுத்த அடித்தட்டு. கறுப்பு நைலானில் கைகள். எண்ணெய் நிரப்பிய நாலு அதிர்வு தாங்கிகள். மறு வருஷம், 1985-ல், கலிபோர்னியாவில் டெல் மார் என்ற இடத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சாரப் பக்கிகளுக்கு முதல் உலகப் பந்தயம் நடந்தது. இரண்டு சக்கர விசை வண்டிகளில் ஜே ஹால்ஸி என்பவர் ஆர்.ஸி.10-ஐ ஓட்டி ஜெயித்தார்.

இந்த நைலான் சங்கதி எனக்கு மிகவும் பிடித்தது. நைலான் உலோகத்தைவிட மெத்தென்றது. மோதினால் கொஞ்சம் வளைந்து, அடியை வாங்கிக்கொண்டு, பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அச்சிலிருந்து புதிதாக எடுத்த நைலான் உலர்ந்திருக்கும். அப்போது அதுவும் முறியக் கூடியதுதான். அதனால் பந்தயக்காரர்கள் என்ன செய்வார்கள் என்றால், புது உறுப்புகளை அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேக வைப்பார்கள். நைலான் தண்ணீரைக் குடிக்கும். குடித்த பிறகு அதற்கு ஒரு நெகிழ்வு வரும். எந்த வீட்டிலும் அந்தப் பாத்திரத்தை அப்புறம் சமையலுக்கு எடுக்க அனுமதித்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மேற்கூட்டுக்கும் இதே கதிதான். கெட்டிப் பிளாஸ்டிக் கூடு பார்க்க அழகாக இருக்கும், விழுந்தால் தெறிக்கும். பாலிகார்பனேட் என்ற மெல்லிய தாளில் அழுத்தி எடுத்த கூடு சப்பையாக நசுங்கும். விரலால் தட்டினால் நிமிரும். அதற்கு வர்ணத்தை உள்பக்கம் பூசினார்கள். வெளியே எவ்வளவு கீறினாலும் வர்ணம் போகாது. இன்னும் ஒரு சாமர்த்தியம் உண்டு. முன்சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டாருக்குள் நுண்ணிய பற்சக்கரங்கள் இருக்கின்றன. முன்சக்கரம் கல்லில் மோதினால் அந்த அடி பற்களுக்குப் போய்ப் பல் உதிர்ந்துவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு துண்டைப் போட்டார்கள். அடி விழும்போது அது விட்டுக் கொடுக்கும், பற்கள் பிழைத்துக்கொள்ளும்.

அதே 1984-ல் ஷிஸுவோகாவிலிருந்து வேறொரு வழியும் வந்தது. கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் என்று இரண்டு ஏழை வண்டிகள். வெட்டுக்கிளி, குளவி. அடித்தட்டு ஒரே வார்ப்புத் தொட்டி. பின்பக்கத்தில் மோட்டார், பற்சக்கரப் பெட்டி, அச்சு எல்லாம் ஒரே கட்டாக மேலும் கீழும் ஆடும். ஆர்.ஸி.10-ன் நாசூக்கு இவற்றிடம் கிடையாது. பள்ளத்தைக் கண்டால் தத்தித் தத்தித்தான் ஓடும். ஆனால் உறுப்புகள் கொஞ்சம். இல்லாத உறுப்பு உடையாதல்லவா? ஆயிரக் கணக்கான பையன்கள் முதல் முதலில் திருகாணி முடுக்கப் பழகியது இவற்றில்தான். எங்கள் வீட்டு வண்டியும் இந்தக் காலத்தது, இந்தக் குணம் உள்ளது என்ற வரையில் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

அதன் சரித்திரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இருந்தவரையில் உடைந்த உறுப்பை எண் சொல்லிக் கேட்டால் கடையில் பொட்டலமாகக் கொடுத்துவிடுவார்கள். திருச்சியில் 1991-ல் யாரைப் போய்க் கேட்பது? மூத்தவன் அப்போது காலேஜ் பையன். இருந்தாலும் கோடையில் அதைக் காவேரி மணலுக்குத் தூக்கிக்கொண்டு போவான். இரவு முழுவதும் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றினால் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடும். ஒருநாள் பாலத்துத் தூணில் நேராகக் கொண்டுபோய் மோதினான். முன்கை முறிந்தது. அத்தான் கப்பல் பட்டறையில் இருந்தவர், சும்மா இருப்பாரா? கடைவீதியில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போய், கனமான அலுமினியத் தகட்டில் தாமே அறுத்து, ராவி, துளை போட்டு, ஒரு கை செய்துகொண்டு வந்தார். "இனிமேல் இது ஜன்மத்துக்கும் உடையாது" என்றார்.

உடையவில்லை. இன்றைக்கும் உடையவில்லை. ஆனால் அடுத்த தடவை வண்டி மோதியபோது, கையைத் தாங்கிய அடித்தட்டு பிளந்தது. ஒரு கைக்குப் பதில் வண்டியே போயிற்று. அத்தான் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அக்காள் சொன்னாள். பிறகு கம்பியால் தைத்து வைத்தார். அதற்குப் பிறகு வண்டி மணலுக்குப் போகவில்லை.

ஆர்.ஸி.10-ஐப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த அலுமினியக் கை திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. கர்ட்டிஸுக்கும் அலுமினியம் தெரியும். அவர் அதை அடித்தட்டில் வைத்தார், கையில் நைலானை வைத்தார். எது உடைய வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். அந்த உறுப்பை மலிவாகவும் செய்தார். அத்தானுக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஐந்து நிமிஷத்தில் மாட்டக்கூடிய ஒரு பிளாஸ்டிக் துண்டு. அது கடல் கடந்து இருந்தது.

இந்த வண்டிகளின் ஆயுளைத் தீர்மானித்தது உண்மையில் அந்தப் பொட்டலங்கள்தான். எண் போட்ட உறுப்பு கிடைக்கிறவரையில் வண்டிக்குச் சாவு இல்லை. 1990-க்குப் பிறகு மோகம் மாறிற்று. தார் ரோட்டில் ஓடும் கார்களின் பக்கம் ரசிகர்கள் போனார்கள். பழைய பக்கிகளின் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கடைகளில் தீர்ந்தன. ஓடின வண்டிகள் ஊனமாகிப் பரணேறின, குப்பைக்கும் போயின. அந்தப் பையன்கள் பெரியவர்களாகி, கையில் நாலு காசு வந்த பிறகு, பழைய வண்டியைத் தேடத் தொடங்கினார்கள். அப்போதுதான் பெட்டி திறக்காத வண்டிக்கு யானை விலை வந்தது. கடையில் விற்காமல் தேங்கியது, தகப்பனார் வாங்கி மறந்தது, இந்த மாதிரி அசட்டு அதிர்ஷ்டத்தால் தப்பியவை அவை. ஊனமான வண்டியிலிருந்து கழற்றிய ஒற்றைக் கைக்குக்கூட ஏலத்தில் போட்டியிட்டார்கள்.

கம்பெனிக்காரர்கள் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா? பிளாஸ்டிக் வியாபாரத்தில் பெரிய செலவு எஃகு அச்சு செய்வதில்தான். பழைய அச்சுகள் கைவசம் இருந்தன. 2004-ல் தாமியா ஹார்னெட்டை மறுபடியும் வெளியிட்டது. அடுத்த வருஷம் கிராஸ்ஹாப்பர் வந்தது. 2009-ல் ரஃப் ரைடர் 'பக்கி சாம்ப்' என்ற பெயரில் வந்தது. 2010-ல் ஸாண்ட் ஸ்கார்ச்சர். அமெரிக்காவில் 2013-ல் ஆர்.ஸி.10-உம், ஜப்பானில் கியோஷோ கம்பெனியின் பழைய பந்தய வண்டிகளான ஸ்கார்ப்பியன் 2014-லும் ஆப்டிமா 2016-லும் மறுபிறவி எடுத்தன.

சில மாறுதல்கள் செய்தார்கள். பழைய வண்டிகளில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க, ஒரு சின்ன மோட்டார் உலோக நாக்கு ஒன்றைத் தள்ளும். மிஞ்சிய மின்சாரம் ஒரு பீங்கான் கட்டியில் வெந்து வீணாகும். மூத்தவனின் விரலில் அந்தக் கட்டி சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. புதியவற்றில் அதெல்லாம் இல்லை. எலெக்ட்ரானிக் கருவி வந்துவிட்டது. அந்தக் காலத்தில் இரண்டு பையன்களுக்கு ஒரே அலைவரிசைப் படிகம் இருந்தால் ஒருவன் ஓட்டுகிறபோது மற்றவன் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அந்தச் சண்டையும் தீர்ந்தது. மற்றபடி கைகள், பற்சக்கரங்கள், தொட்டி எல்லாம் பெரும்பாலும் பழைய உருவமே. 1984-ஆம் வருஷத்து ஹார்னெட்டில் 2004-ஆம் வருஷத்துக் கையை மாட்டினால் பொருந்தும்.

இதனால் ஓர் ஆச்சரியம் நிகழ்ந்தது. ஊனமான வண்டிகளுக்கு உயிர் வந்தது. ஒற்றைக் கைக்கு யானை விலை கேட்டவர்கள் இறங்கி வந்தார்கள். ஆனால் திறக்காத பழைய பெட்டியைத் தேடுகிறவர்கள் மட்டும் தேடிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது வண்டி அல்ல, அந்த வருஷம். சேகரிப்பவர்கள் பெட்டியைப் பரிசோதிக்கிற விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். கொஞ்சம் பயமும் வரும். ஒட்டுத்தாள் மஞ்சளாகியிருக்கிறதா, டயர் ரப்பர் வெடித்திருக்கிறதா, திருகாணிப் பொட்டலம் பிரிந்திருக்கிறதா, கடைக்காரரின் விலைச் சீட்டு இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். பெட்டிக்குள்ளும் காலம் உட்கார்ந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஓடாவிட்டால் தேயாது என்று யார் சொன்னது?

இவ்வளவையும் படித்துவிட்டு, மாசி மாதத்தில் திருச்சிக்குப் போனேன். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் தீர்ப்பைச் சொன்னேன்: பெட்டியைத் திறந்து குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள், வண்டி ஓடுவதற்காகச் செய்தது, அத்தான் வாங்கியதும் அதற்காகத்தான். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது.

அக்காள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏண்டா, அதே வண்டி இப்போது புதிதாகக் கடையில் கிடைக்கிறது என்றாயே, அது என்ன விலை?" என்று கேட்டாள்.

மூத்தவன் சொன்னான். பழைய பெட்டிக்குக் கேட்ட தொகையில் அது ஒரு சின்னப் பின்னம்.

"அப்போது இதை அவருக்கே கொடுத்துவிடுங்கள். வேண்டும் என்கிறவர் வைத்துக்கொள்ளட்டும். இவளுக்குப் புதிதாக ஒன்று வாங்குங்கள். பெரியவன் வண்டிக்கு என்னென்ன போயிருக்கிறதோ அதையும் வாங்குங்கள்" என்றாள். இரண்டு மாத ஆராய்ச்சி ஒரு நிமிஷத்தில் முடிந்தது. சின்னவன் அப்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்து, "அம்மா சொல்கிறபடியே செய்யலாம்" என்றான்.

ஒரே ஒரு தகராறு வந்தது. பெட்டியின் அடியில் கடை ரசீது இருந்தது. 1985-ஆம் வருஷத் தேதி, விலை, கீழே அத்தானின் கையெழுத்து. அதுவும் சேர்ந்து வந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டித் தருவதாக வாங்குகிறவர் எழுதினார். அக்காள் அதை எடுத்துச் சுவாமி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவர் இரண்டாம் முறையும் எழுதினார். அதற்குப் பதில் போடவில்லை.

புது வண்டி பங்குனியில் வந்தது. பெண்ணும் அவள் அப்பனும் மூன்று நாள் கூடத்தில் படுத்துக் கிடந்து பூட்டினார்கள். மூத்தவன் தன் பழைய வண்டிக்குப் புதுத் தொட்டி மாற்றினான். புது டயர், புதுப் பாட்டரி, புது ரேடியோ. பழைய தொட்டியை எறியவில்லை; பெயர் கீறியிருக்கிறதே. முன்கைக்கும் புதிய உறுப்பு வந்திருந்தது. ஆனால் அலுமினியக் கையைக் கழற்ற அவனுக்கு மனசு வரவில்லை. "தொட்டி மறுபடியும் பிளக்குமே?" என்றேன். "அந்தப் பக்கம் மோதாமல் ஓட்டுகிறேன் மாமா" என்றான். ஐம்பத்திரண்டு வயசு அவனுக்கு.

சித்திரையில் காவேரியில் தண்ணீர் வற்றியிருந்தது. இரண்டு வண்டிகளும் மணலில் இறங்கின. மூன்றாம் நாள் புது வண்டி பாலத்துத் தூணில் மோதி முன்கை முறிந்தது. அழப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் மெதுவாகக் கிட்டே போனேன். அவள் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வண்டியோடு வந்த புத்தகத்தை மடியில் விரித்து, முறிந்த துண்டை ஒவ்வொரு படத்தோடும் ஒப்பிட்டு, அது எத்தனாம் எண் என்று தேடிக்கொண்டிருந்தாள்.